சவரக் கத்தி சொல்லும் பாடம்

கோட்டாறு, தக்கலை வட்டாரங்களில் நம் பாட்டனார் காலத்தவர் பெரும்பாலும் தம் கையால் முகம் மழித்துக்கொண்டவரல்லர். முஸ்லிம் தெருக்களில் ‘ஒசா’ எனவும், பிற தெருக்களில் ‘குடிமகன்’ எனவும் அழைக்கப்பட்ட நாவிதர் அடைப்பத்தோடு வீடு தேடி வருவார். கத்தியைத் தோல்வாரில் தீட்டி மழிப்பார். நாஞ்சில் நாட்டில் அறுவடை நெல்லே அவருக்குக் கூலியாயிற்று.

இவ்வழக்கத்தை உலகெங்கும் அசைத்தது, அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற ‘சேப்டி ரேசர்’. அதன் மெல்லிய பிளேடைத் தீட்ட வேண்டுவதில்லை. மழுங்கினால் வேறொன்றை மாட்டலாம். விளிம்பிலுள்ள காப்பு, தோல் ஆழமாக வெட்டுப்படாமல் தடுக்கும். 1903-இல் விற்றவை 51 ரேசர்களே. மறு ஆண்டில் 90 ஆயிரத்தைக் கடந்தன. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கும் அது வழங்கப்பெற்றது. பின்னர் நம் ஊர் இளைஞரும் கண்ணாடிமுன் தாமே மழிக்கலாயினர்.

இதனால் நாவிதரின் வருவாய் குறைந்தது. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் ஓர் உண்மையும் வெளிப்பட்டது. எத்தொழிலைச் செய்தவரை ஒருபடி தாழ்த்தி வைத்தோமோ, அதனையே நாம் காலைதோறும் செய்கிறோம்! அரபியில் சவரக் கத்திக்கு ‘மூஸா’ என்று பெயர். மூஸா நபியின் திருப்பெயரும் அதே எழுத்துகளால் ஆனதே.

இன்று பல பிளேடுகள் பொருத்திய விலையுயர்ந்த ரேசர்களை விட்டுச் சிலர் பழைய சேப்டி ரேசருக்கே திரும்புகின்றனர். சிக்கனம் நன்றே. ஆனால் அதைக் கையிலெடுக்கும்போது, ஒசா வீட்டில் மணவுறவு கொள்ளத் தயங்கும் மனம் இன்னும் நம்மிடம் உண்டா என்றும் நாம் கேட்டுக்கொள்வோமாக.