ஆட்டம் ஓய்ந்த பின்னர்

இங்கிலாந்திலே செப்டெம்பர் மாதம் முடியும்போது கிரிக்கெட் பருவமும் முடிவெய்துகிறது. ஆட்டக்காரர் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகின்றனர். பார்வையாளர் கூடங்கள் வெறிச்சோடுகின்றன. ஓட்டக் கணக்குப் பலகைகள் துடைக்கப்படுகின்றன. அந்நாளிலேதான் மைதானப் பராமரிப்பாளருடைய பெரும்பணி தொடங்குகிறது. ஐந்து மாத காலம் மிதியுண்டு, உருளையால் அழுத்துண்டு, புல் தேய்ந்து கிடக்கும் நிலத்தை அடுத்த சித்திரைக்குள் உயிர்ப்பிப்பது அவர் கடன். கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் துடுப்பையும் பந்தையும் பற்றியே எழுதுவர். அவ்வரலாற்றின் அடியிலே மண்ணின் வரலாறு ஒன்றும் உண்டு. கோடையில் ஆட்டக்காரருடைய உயிரையும் ஆட்டத்தின் நேர்மையையும் காப்பது, ஆட்டமில்லாத மாதங்களில் நடைபெறும் உழைப்பே என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே இத்தகைய பணி இருந்ததில்லை. ஹாம்ஷயர்ப் பகுதியில் புகழ்பெற்று விளங்கிய ஹம்பிள்டன் கழகத்தார் திறந்த மேட்டுநிலப் புல்வெளியிலேயே ஆடினர். 1744 ஆம் ஆண்டின் விதிகளின்படி, விக்கெட்டை நடும் உரிமை நாணயஞ் சுண்டியே தீர்மானிக்கப்பட்டது. இயற்கை தந்த நிலத்தில் நல்லதோர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அக்காலத்தவர் அறிந்த கலை. புல்லைக் குறைப்பதற்கு ஆடுகள் இருந்தன. இலண்டன் மாநகரின் லோர்ட்ஸ் மைதானத்திலேகூட நெடுங்காலம் ஆட்டுமந்தைகளை மேயவிட்டே ஆட்டத்திற்கு நிலத்தை ஆயத்தஞ் செய்தனர்.

எனினும், நல்ல புற்றரை ஒரு செல்வம் என்பதை அம்மைதானத்தை அமைத்த தோமஸ் லோர்ட் நன்கு உணர்ந்திருந்தார். 1787 இல் அவர் தம் முதல் மைதானத்தைத் திறந்தார். 1811 இல் இரண்டாம் இடத்திற்கும், 1814 இல் இன்றைய இடத்திற்கும் பெயர நேர்ந்தபோது, பழைய நிலத்தின் புல்லைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்துத் தம்முடன் கொண்டு சென்றார். வீடு மாறுவோர் பெட்டி பேழைகளைக் கொண்டு செல்வதுபோல அவர் தரையையே கொண்டு சென்றார் எனலாம்.

1830 இல் எட்வின் பட்டிங் என்பார் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளி ஆலைகள் நிறைந்த ஸ்ட்ரவுட் நகரப் பகுதியில் வாழ்ந்த அவர், துணியின் மேற்பரப்பை மழித்துச் சீராக்கும் பொறியைக் கண்டே இதனை அமைத்தார். காலப்போக்கில் ஆடுகளின் வேலையை இப்பொறி ஏற்றுக்கொண்டது. ஆனால், புல்லை வெட்டுவது வேறு, மண்ணைப் பேணுவது வேறு. 1864 ஆம் ஆண்டிலே தோளுக்கு மேலே கையை உயர்த்திப் பந்து வீசுவதை விதிகள் அனுமதித்தன. அவ்வாண்டிலேயே லோர்ட்ஸ் மைதானத்திற்கு முதன்முதலாக ஒரு பராமரிப்பாளர் நியமிக்கப்பட்டார். பந்தின் வேகம் விரைந்து வளர்ந்தது; தரையோ மெல்லவே திருந்தியது. இவ்விரண்டிற்கும் இடையே இருந்த பிளவில் ஓர் இளைஞன் உயிரிழந்தான்.

1870 ஆம் ஆண்டு யூன் மாதம். லோர்ட்ஸ் மைதானத்தில் எம். சி. சி. அணியை நொட்டிங்ஹாம்ஷயர் அணி எதிர்த்தாடியது. ஜோன் பிளாட்ஸ் விரைந்து வீசிய பந்தொன்று தரையிற் பட்டுத் திடீரென மேலெழுந்து ஜோர்ஜ் சம்மர்ஸ் என்னும் துடுப்பாட்டக்காரரின் தலையைத் தாக்கியது. நான்கு நாட்களில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. அவருக்குப் பின் ஆட வந்த ரிச்சர்ட் டாப்ட் தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பந்து ஒரு சிறு கல்லிற் பட்டே எழுந்தது என்று சிலர் கூறினர். உண்மை எதுவாயினும், அம்மைதானத்தின் கரடுமுரடான தரையைப் பற்றிய கண்டனம் அதற்கு முன்பே எழுந்திருந்தது. சம்மர்ஸின் கல்லறைக்கு எம். சி. சி. கழகம் நினைவுக்கல் நாட்டியது. அடுத்து வந்த ஆண்டுகளில் லோர்ட்ஸ் தரையும் படிப்படியாகச் சீர்பெற்றது.

சீர்பெறுதல் என்பது எவ்வாறு நிகழ்கிறது? பருவம் முடிந்ததும் ஆடுகளத்தின் புல் மிகக் குட்டையாக வெட்டப்படுகிறது. பின்னர், கூரிய பற்களையுடைய வாரியாலோ பொறியாலோ பட்டுப்போன புல்லும் வேரும் கிளறி அகற்றப்படுகின்றன. அவற்றை அகற்றாது விட்டால் அவை மெத்தைபோற் படிந்து, பந்தின் வேகத்தை விழுங்கிவிடும். அடுத்து, உருளை அழுத்திய நிலத்திலே துளைகள் இடப்படுகின்றன. காற்றும் நீரும் வேருக்குச் செல்லும் வழிகள் அவை. பந்து வீச்சாளரின் கால்கள் தோண்டிய குழிகளைத் துப்புரவாக்கி, ஈரமான களிமண்ணை இட்டு இறுக்குகின்றனர். பின்பு புல்விதை தூவி, மேலே மெல்லிய படையாகக் களிமண் கலந்த மண்ணைப் பரப்பி மட்டஞ் செய்கின்றனர்.

மேலே இடும் மண் கீழேயுள்ள மண்ணோடு இனம் ஒத்ததாக இருத்தல் வேண்டும். இனம் மாறின் இரு படைகளும் ஒட்டாமற் பிரியும், வேர் கீழிறங்காது, பந்து ஓரிடத்தில் எழும்பி ஓரிடத்தில் தாழும். காலமும் முக்கியமானது. நிலத்திலே கோடையின் வெப்பம் எஞ்சியிருக்கும்போதே விதை முளைத்தாக வேண்டும். ஒக்டோபர் கடந்து குளிர் இறங்கிவிட்டால் அவ்வாண்டின் வாய்ப்புத் தவறிப்போகும்.

வெளிக்களத்திற்கும் அதற்குரிய கவனம் வேண்டும். அங்கே மழைநீர் தேங்காது வடிதல் வேண்டும். மண்புழுக்கள் வெளித்தள்ளும் மண்ணைக் கலைத்தல் வேண்டும். பூச்சிகளையும் நோக்குதல் வேண்டும். நீண்ட கால்களையுடைய ஒருவகை ஈ கோடையின் இறுதியிலே புல்லில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மண்ணுக்குள் இருந்து புல்வேரைத் தின்கின்றன. 1935 இல் லோர்ட்ஸ் மைதானம் இப்புழுக்களால் பெருஞ் சேதமுற்றது. புல் அழிந்து மண் தெரிந்த ஆடுகளத்திலே சுழற்பந்து மிகுதியாகத் திரும்பியது. தென்னாபிரிக்க வீரர் பலஸ்காஸ் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து மண்ணில் தென்னாபிரிக்கா பெற்ற முதலாவது டெஸ்ட் வெற்றி அதுவே. கண்ணுக்குத் தெரியாத புழு, பல திங்கள் கழித்து ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

இப்பணி அளவு மீறினாலும் தீங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, மார்ல் எனப்படும் சுண்ணாம்பு கலந்த களிமண்ணைக் குளிர்காலத்தில் ஆடுகளத்தின்மேல் இடும் வழக்கம் பரவியது. பாரமான உருளையும் அதனுடன் சேர்ந்தபோது தரை சீமெந்துபோல் இறுகியது. 1938 ஓகஸ்ட் மாதத்தில், இலண்டன் ஓவல் மைதானத்திலே, பொசர் மார்ட்டின் என்னும் பராமரிப்பாளர் ஆயத்தஞ் செய்த ஆடுகளத்தில் இங்கிலாந்து அணி 7 விக்கெட் இழப்பிற்கு 903 ஓட்டங்களைக் குவித்தது. லென் ஹட்டன் 13 மணிநேரத்திற்கு மேலாக ஆடி 364 ஓட்டங்கள் பெற்றார். துடுப்பாட்டக்காரர் மகிழ்ந்தனர், பந்து வீச்சாளருக்கோ அந்நிலம் பாலைவனமாயிற்று. துடுப்பிற்கும் பந்திற்கும் ஒப்ப நீதி வழங்குவதே நல்ல தரை என்ற கருத்து வலுப்பெறுவதற்கு இத்தகைய ஆட்டங்களும் காரணமாயின.

மறு ஆண்டே போர் மூண்டது. ஓவல் மைதானத்தைப் படையினர் பொறுப்பேற்றனர். போர்க் கைதிகளை அடைப்பதற்கென அங்கே கொங்கிறீற்றில் மரக்கம்பங்கள் நாட்டப்பட்டு, முட்கம்பிகள் கட்டப்பட்டன. கைதிகள் வரவேயில்லை, களைகளே வந்தன. 1945 இல் போர் ஓய்ந்தபோது, அந்நிலத்தில் மீண்டும் கிரிக்கெட் ஆடக்கூடும் என்று நம்பியோர் சிலரே. முன்னர் சரே அணிக்குப் பந்து வீசிய பேர்ட் லொக் என்பவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவரும் உதவியாளரும் கம்பங்களைப் பிடுங்கினர், கொங்கிறீற்றை அகழ்ந்தனர், களையை அகற்றினர். தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தை அடுத்த கிரேவ்செண்ட் சதுப்பு நிலத்திலிருந்து பல்லாயிரம் புற்பாளங்கள் கொண்டுவந்து பதிக்கப்பட்டன. ஒரு மாரிகாலம் முழுவதும் அவ்வுழைப்பு நீடித்தது.

1946 மே மாதத்தில், மன்னர் ஆறாம் ஜோர்ஜ் முன்னிலையில், சரே கழகத்தின் நூற்றாண்டு ஆட்டம் அந்நிலத்திலேயே நடைபெற்றது. ஓகஸ்ட் மாதத்திலே இந்திய அணி அங்கு டெஸ்ட் ஆட்டம் ஆடியது. குண்டுவீச்சாற் சிதைந்து, உணவுப் பங்கீட்டில் வாழ்ந்த நகரமாந்தருக்குப் பசும்புற்றரை ஒன்று மீண்டும் கிடைத்தது. போர் உண்மையாகவே முடிந்துவிட்டது என்பதற்கு அது ஒரு சான்றாக விளங்கியது.

இன்று கருவிகள் மாறிவிட்டன. வாரி செய்த வேலையைப் பொறி செய்கிறது. மண்ணை ஆய்வுகூடத்திலே பகுத்தறிகின்றனர். 2002 ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் லோர்ட்ஸ் வெளிக்களத்தின் பழைய களிமண் படை அகழப்பட்டு, நீரை விரைந்து வடிக்கும் மணற்பாங்கான மண் இடப்பட்டது. அடுத்த கோடையில் ஆட்டம் அதன்மீதே நடந்தது. கருவிகள் மாறினும் காலக்கெடு மாறவில்லை. கோடைக்கும் குளிருக்கும் இடைப்பட்ட அச்சில வாரங்களே இன்றும் பராமரிப்பாளருக்குரியவை.

வானொலி வருணனையிலே, "ஆடுகளம் நன்றாக உள்ளது" என்ற ஒரு தொடர் வந்து போகும். அதனைச் சொல்வதற்கு ஒரு நொடி போதும். அத்தொடர் உண்மையாவதற்கு, ஆளில்லாத மைதானத்தில், இலையுதிர்காலத்து ஈரக்காற்றில், ஒருவர் முழந்தாளிட்டு விதை தூவியிருக்க வேண்டும். ஓட்டக் கணக்குப் பலகையில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை. பந்து எதிர்பார்த்த உயரத்திலே எழும்பி, துடுப்பாட்டக்காரர் அச்சமின்றி முன்காலை வைத்தாடும்போது, அவர் உழைப்புப் பயன்பெற்றுவிட்டது எனக் கொள்ளலாம்.