தலைமன்னாருக்கு ஏன் ரயில் வந்தது?

போன மாதம் பிள்ளைகளைத் தலைமன்னார் இறங்குதுறைக்குக் கூட்டிப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், இங்க கடல்தானே இருக்கு, ஏன் ரயில் இவ்வளவு தூரம் வருது?" அந்த வெயிலில் நின்று ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

உண்மையில் இந்தத் தண்டவாளம் மன்னார் மக்களுக்காகப் போட்டதல்ல. தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே மௌத்தானவர்கள் ஏராளம். 1914இல் மதவாச்சிப் பாதை தலைமன்னாரைத் தொட்டது. அதே வருடம் அந்தப் பக்கம் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடிக்கும் நமக்கும் இடையில் இருந்த கடலுக்குக் கப்பல் விட்டார்கள். கொழும்பில் எடுத்த டிக்கெட்டோடு சென்னை வரை போகலாம்.

பாலம் போடும் யோசனையும் இருந்தது. போட்டிருந்தாலும் ரயில் மாறித்தான் ஏறியிருக்க வேண்டும். நம்முடையது ஐந்தரை அடி அகலப் பாதை, அங்கே மீற்றர் பாதை.

1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலையே அலை கொண்டுபோனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து 'இராமானுஜம்' கப்பல் வந்தது. 80களில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது.

அதே வருடம் ஒக்டோபரில்தான் நாமும் ஊரை விட்டு விரட்டப்பட்டோம். நான் கைக்குழந்தை. புத்தளத்தில் ரயிலைக் காணும்போதெல்லாம் வாப்பா, "எங்கட ஊர்லயும் ரயில் ஓடினது" என்பார். திரும்பி வந்து பார்த்தபோது தண்டவாளத்தையே காணவில்லை. அதெல்லாம் பங்கர்களுக்குப் போயிருந்தது. வாப்பா கூட்டிச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

2015 மார்ச்சில் ரயில் மறுபடி ஓடியது. முதல் வாரமே வாப்பாவை மன்னாரில் ஏற்றிக் கூட்டிப் போனேன். இறங்கியதும் என்னிடம் ஒன்றும் பேசாமல் நேரே துறைப்பக்கம் நடந்து, கப்பல் கட்டும் இடத்தைக் கையால் காட்டினார்.

2007இல் இராமேஸ்வரம் பாதையும் ஐந்தரை அடியாக மாறிவிட்டது என்பது இன்னொரு கதை.

'இராமானுஜத்தில்' போய்வந்த பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பழைய டிக்கெட், படம் ஏதும் வீட்டில் இருந்தால் தாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.