ஆடு புலி ஆட்டம்: கட்டம் இருக்கு, விதி எங்க?

இந்த வார எபிசோடு ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது.

கொடைரோட்டுல நாங்க நாலு பேரு. சனிக்கிழமை ராத்திரி ஆனா எங்க வீட்டு மாடியில கேம் நைட். பெரும்பாலும் கேட்டான்தான் ஆடுவோம். 1995-ல ஜெர்மனியில கிளாஸ் டாய்பர் உருவாக்கினது. அன்னைக்கு நல்ல மழை. நிலக்கோட்டையில இருந்தும் வத்தலக்குண்டுல இருந்தும் வர வேண்டிய ரெண்டு பேரும் வரல. கேட்டானுக்குக் குறைஞ்சது மூணு பேராவது வேணும். அதனால நானும் என் ஃப்ரெண்டும் தரையில சாக்பீஸால ஆடு புலி ஆட்டக் கட்டம் போட்டோம். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு மூணு கூழாங்கல்லு.

நான் புலி. அஞ்சாவது ஆட்டை வெட்டினதும், "முடிஞ்சுது, நான் ஜெயிச்சுட்டேன்"னு எந்திரிச்சேன். "அஞ்சுக்கெல்லாம் முடியாதுடா, எங்க வீட்டுல பத்து"ன்னான் அவன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்க அப்பத்தா. அவங்க இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன் அம்மாச்சி. ராத்திரி ஒன்பது மணிக்கு அவங்களுக்கே போன் போட்டோம். "ஆடு பூரா செத்தாத்தான்டா புலி ஜெயிக்கும். ஆமா, ஆட்டுக்கு ஆடுறது யாரு?"ன்னு கேட்டாங்க. ஆக, ஒரே ஆட்டத்துக்கு மூணு விதி.

முதல்ல ஆட்டத்தைப் பார்ப்போம். உச்சியில ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு கோடு கீழே இறங்கும். குறுக்கே மூணு கோடு போகும், அதுங்களோட ரெண்டு ஓரத்தையும் சேர்த்து மூடிடணும். நாலு கோட்டோட அடியும் ஒரு கோட்டுல முடியும். மொத்தம் 23 புள்ளி. புலி 3, ஆடு 15. எல்லா ஆடும் இறங்குற வரைக்கும் எந்த ஆடும் நகரக்கூடாது. ஆட்டுக்கு நேர் பின்னாடி இருக்கிற புள்ளி காலியா இருந்தா, புலி தாண்டிக் குதிச்சு வெட்டலாம். ஆடு யாரையும் வெட்ட முடியாது. அதால முடிஞ்சது மறிக்கிறது மட்டும்தான். மூணு புலியும் நகர வழியில்லாம நின்னா ஆடு ஜெயிச்சுது.

புதுசா ஆடுறவங்க எல்லாரும் புலிதான் கேட்பாங்க. அதுல ஒரு கெத்து இருக்கு. ஆனா ஒவ்வொரு ஆட்டுக்குப் பின்னாடியும் இன்னொரு ஆட்டை நிறுத்தப் பழகிட்டா, புலி பாடு திண்டாட்டம்தான். தனியா நிக்கிற ஆடுதான் சாகும்.

இந்த மாதிரி ரெண்டு பக்கமும் சமமில்லாத ஆட்டங்கள் உலகம் பூரா இருக்கு. நேபாளத்து பாக்சால்ல 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. ஐரோப்பாவுல நரியும் வாத்துகளும். எச். ஜே. ஆர். மர்ரே என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1952-ல் வெளியிட்ட பலகை ஆட்ட வரலாற்று நூலில், இவற்றை 'வேட்டை ஆட்டங்கள்' என்று தனி வகையாகவே பிரித்தார்.

சரி, நம்ம ஆட்டத்துக்கு என்ன வயசு? 'ரெண்டாயிரம் வருஷப் பழமை'ன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு வரும். கூடவே ஏதாவது கோயில் மண்டபத் தரையில கீறின கட்டத்தோட போட்டோ. நம்ம ஊர்ப் பழைய மண்டபங்கள்ல அப்படிக் கட்டங்கள் இருக்கிறது உண்மைதான். ஆனா ஒண்ணு கவனிங்க. மண்டபத்துக்குக் கல்வெட்டு இருக்கும், அதை வச்சுக் காலம் சொல்லிடலாம். அந்தக் கட்டத்தைக் கீறினவன் தேதி போட்டுட்டுப் போகலையே! மண்டபம் கட்டின கொத்தனாரும் கீறியிருக்கலாம், முந்நூறு வருஷம் கழிச்சு மழைக்கு ஒதுங்கினவனும் கீறியிருக்கலாம். கல்லோட வயசு ஆட்டத்தோட வயசு ஆகாது.

அப்போ பழைய சான்றே இல்லையா? ஆடு புலிக்குன்னு இல்லை. ஆனா கூடி உட்கார்ந்து பலகை ஆட்டம் ஆடினதுக்கு இருக்கு. புறநானூறு 52. உ.வே.சாமிநாதையர் 1894-ல் முதன்முதலாக அச்சிட்ட நூல். பாடியவர் மருதன் இளநாகனார். பாடப்பட்டவர் பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி. அவனை எதிர்த்தவர்களின் நாடு என்ன ஆகும் என்று புலவர் காட்டுகிறார். ஊர்ப் பொதியில், அதாவது எல்லாரும் கூடுற பொது மன்றம், பாழடைஞ்சு கிடக்கு. அங்கே நரைச்ச கிழவர்கள் தினமும் காய் வச்சு வச்சு ஆடின இடம் குழிஞ்சு போயிருக்கு. அந்தக் குழி நிறையக் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கு. அந்த ஆட்டத்துக்குப் பேர் வல்லு. காய்க்குப் பேர், சிரிக்காதீங்க, 'நாய்'!

இதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. ஒரு ஊர் அழிஞ்சதைச் சொல்ல, அரண்மனை எரிஞ்சதைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்றது, ஆள் இல்லாத ஒரு கேம் நைட்டை. குழி விழுற அளவுக்கு எத்தனை வருஷம் ஆடியிருப்பாங்க! வல்லு ஆடினாங்கன்னு நமக்குத் தெரியும். எப்படி ஆடினாங்க, யார் எப்போ ஜெயிப்பாங்கன்னு அந்தப் பாட்டுல இல்லை.

அதான் மக்களே விஷயம். கட்டம் கல்லுல நிக்கும். விதி ஆளோட போயிடும். எங்க அப்பத்தா ஏன் அஞ்சோட நிறுத்தினாங்க? பேரப்பிள்ளைக்குச் சீக்கிரம் முடியட்டும்னு சுருக்கினாங்களா, இல்ல அவங்க ஊர்லயே அதான் முறையா? இனிமே கேட்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை நாலு பேரும் வந்தாங்க. கேட்டான் பெட்டியைத் திறக்கல. ஆளுக்கு ஒரு வீட்டு விதியைக் கேட்டுட்டு வந்திருந்தோம். ஒரு நோட்டுல எழுதி வச்சோம்: யார் சொன்னது, எந்த ஊர், எத்தனை ஆடு செத்தா ஆட்டம் முடியும், முதல் காய் யார் வைக்கிறது. நாலு வீடு, நாலு விதி. எது சரின்னு நாங்க தீர்ப்பு எழுதல.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி வீட்டுப் பெரியவங்க யாருக்காவது போன் போடுங்க. 'எத்தனை ஆடு?'ன்னு கேளுங்க. பதில் வேணும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.