துப்பாக்கி உரிமம்: வழங்குவதா, பறிப்பதா?

ஒவ்வொரு பெரும் வன்கொடுமைக்குப் பிறகும் தலித் மக்களிடமிருந்து ஒரு கோரிக்கை எழுகிறது: தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும். ஆத்திரத்தில் எழும் முழக்கமாக இதை ஊடகங்கள் கடந்துவிடுகின்றன. ஆனால் இக்கோரிக்கைக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 3ஆம் விதி அதைச் சொல்கிறது. அதே விதி, உரிமம் வழங்குவதற்கு முன்பாக வேறொன்றையும் சொல்கிறது. இரண்டில் எதை முதலில் கேட்பது என்று முடிவுசெய்ய, ஆயுதம் குறித்த கருத்துகள் இந்நாட்டில் எப்படி மாறிவந்தன என்பதை அறிந்திருப்பது பயன் தரும்.

லிட்டன் வைசிராயாக இருந்தபோது இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அச்சட்டத்தை எதிர்ப்பது தேசியவாதிகளின் பொதுக் கொள்கையாயிற்று. அகிம்சையை வலியுறுத்திய காந்தியே அதனை ஆங்கில ஆட்சியின் மிக மோசமான செயல்களுள் ஒன்றாகக் கண்டித்தார். 1931இல் காங்கிரசின் கராச்சித் தீர்மானம் ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நிராயுதபாணியாக்கப்பட்டது தேசம் என்றார்கள். அத்தேசத்துக்குள் ஒரு பகுதி மக்களை ஆங்கிலேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நிராயுதபாணியாக்கியவர் யார் என்பதைப் பேசுவோர் அங்கே குறைவு.

அதைப் பேசியவர் அம்பேத்கர். 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில், இந்நாட்டின் அடித்தட்டு மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற வினாவுக்கு, சதுர்வர்ணம் அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்ததே காரணம் என விடையளித்தார். இவ்விடத்தைப் பலர் தனிமனிதர் ஆயுதமேந்துவதற்கான ஆதரவாகப் படிக்கின்றனர். நாம் அப்படிப் படிக்கவில்லை. ஐரோப்பாவின் எளிய மக்களுக்கு வாய்த்த படைக்கலமாக அங்கு அவர் குறிப்பிடுவது படைச்சேவையில் சேரும் உரிமையை. வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கியை அல்ல. இதற்குப் பின்னணி உண்டு. 1818இல் கோரேகானில் போரிட்ட படையில் மகர்கள் இருந்தனர். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி படையில் சுபேதாராக இருந்தவர். 'போர்க்குடிகள்' என்ற கோட்பாடு ஓங்கியபோது, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. முதல் உலகப்போரின்போது சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். மகர் ரெஜிமென்ட் 1941இல்தான் உருவானது. சீருடையும் துப்பாக்கியும் ஓய்வூதியமும் பிறப்பால் மறுக்கப்படுவது என்றால் என்ன என்பதை ஏட்டிலிருந்து கற்கவேண்டிய நிலையில் அவர் இல்லை.

1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் குடிமக்களுக்கு உரிமை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அவ்வகையில் அது கராச்சித் தீர்மானத்தின் தொடர்ச்சி. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எவரும் சந்தைக்குச் சென்று தடையின்றி ஆயுதம் வாங்கலாமென்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்று வினவினார். தனிமனிதரின் உரிமையைவிட, நாட்டுக்கு ஆபத்து நேரும்போது ஆயுதம் தாங்கும் கடமையையே வலியுறுத்த வேண்டும் என்றார். அதற்கு அன்றைய வரைவின் 17ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டினார். அதுவே இன்றைய 23ஆம் பிரிவு. பொதுநோக்கங்களுக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம், ஆனால் அதில் மதம், இனம், சாதி, வகுப்பு பார்க்கக் கூடாது என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. திருத்தம் தோற்றது. ஆங்கிலேயரிடம் கேட்ட உரிமையைக் காங்கிரஸ், ஆட்சிக்கு வந்தபின் தன் குடிமக்களுக்குத் தர முன்வரவில்லை. அவர்களுடைய மாற்றம் அதிகாரத்தோடு வந்த மாற்றம். அம்பேத்கரிடம் 1936க்கும் 1948க்கும் இடையே ஓர் இழை அறுபடாமல் ஓடுகிறது.

யார் கையில் துப்பாக்கி என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுவது இங்கு மட்டுமன்று. 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கிகளுடன் கலிபோர்னியா சட்டமன்றத்துள் நுழைந்தனர். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவெளியில் ஏந்துவதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டத்தில் அதே ஆண்டு கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். அவரே குடியரசுத் தலைவராக 1986இல் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள், கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது பெயரை; துப்பாக்கியை அன்று.

இந்தியாவில் இன்று நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது அதன் 14(2)ஆம் பிரிவு. நல்ல பிரிவுதான். ஆனால் துப்பாக்கி வாங்கப் பணம் வேண்டும். காவல்துறையின் அறிக்கை வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி கேட்பவருக்குப் பயிர் இருக்கவேண்டும். ஆகவே நிலம் யாரிடமோ, பெரும்பாலும் உரிமமும் அவரிடமே. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணிக்குத் துப்பாக்கிகளோடு வந்தது பண்ணையார் தரப்பு. எரிந்தவர்கள் 44 பேர். 1997 டிசம்பர் 1ஆம் நாள் பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. விசாரணை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது.

இப்பின்னணியில் 3ஆம் விதியைப் படிக்க வேண்டும். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். தேவையெனக் கருதினால், அப்பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவர்களின் உரிமங்களை ரத்துசெய்து துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். பண்ணையாரின் துப்பாக்கி கணக்குப்பிள்ளையின் பெயரில் இருக்கும் என்பதை அறிந்தே எழுதப்பட்ட வாசகம் இது. அடுத்து, சட்டவிரோதத் துப்பாக்கிகள் அனைத்தையும் கைப்பற்ற வேண்டும். இவற்றுக்குப் பிறகே, தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவேண்டும் என்று வருகிறது.

விதியின் இந்த வரிசையே சரியானது என்பது நம் நிலைப்பாடு. சேரியில் ஒரு துப்பாக்கியும் ஊரில் இருபது துப்பாக்கிகளும் இருக்குமாயின், அந்த ஒற்றைத் துப்பாக்கி தற்காப்பாவதைவிட வழக்காவதற்கே வாய்ப்பு மிகுதி. 'இருதரப்பு மோதல்' என்று முதல் தகவல் அறிக்கையில் எழுத அதுவே போதும். தமிழ்நாட்டில் நம் மக்கள் அரிவாளுக்கே அதிகம் இரையாகின்றனர். அரிவாளுக்கு உரிமம் கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். அதற்காக, கொலைமிரட்டலுக்கு நடுவே வழக்கு நடத்தும் சாட்சியோ ஊராட்சித் தலைவரோ உரிமம் கேட்பதைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். அது அவருக்குச் சட்டம் தந்த வழி. காவல்துறை பாதுகாப்புத் தராத இடத்தில் இருந்துகொண்டு அகிம்சை போதிப்பது எளிது.

உரிமத்தை வழங்கவும் ரத்துசெய்யவும் அதிகாரம் கொண்டவர் மாவட்ட ஆட்சியர். பொது அமைதிக்குத் தேவையெனில் ரத்துசெய்ய ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவே அவருக்கு வழிதருகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதி 17இன்படி மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அவரே. குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். அடுத்த கூட்டத்தில் குழு உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை: மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை, அங்கே உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, அவற்றுள் 3ஆம் விதியின்கீழ் இதுவரை ரத்துசெய்யப்பட்டவை எத்தனை. பதில் கிடைக்காவிட்டால், இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்துக்கு எவரும் அனுப்பலாம்.