றிங்ரோன் வெட்டிய காலம்

கைத்தொலைபேசியின் மணிச்சத்தத்துக்கும் ஒரு வரலாறு எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். எங்கள் சனத்தின் போர்க்காலத்தை எழுதுகிறவர்கள் செல்லடி, பொம்மர், பாதை திறந்தது, பாதை பூட்டியது எல்லாம் எழுதுகிறார்கள். ஊரிலிருந்து வந்த ரெலிபோன் என்ன சத்தத்தில் அடித்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

பாட்டைத் தெரிந்து, பொறுக்கி, தனக்கென்று பதிந்து வைக்கும் பழக்கம் எங்களுக்குக் கைத்தொலைபேசியோடு வந்ததல்ல. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் றெக்கோடிங் பார்கள் இருந்தன. கொப்பித் தாளில் பாட்டுகளை நம்பர் போட்டு எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் 60 நிமிடக் கசற்றிலோ 90 நிமிடக் கசற்றிலோ பதிந்து தருவார்கள். கசற்றின் ஒரு பக்கம் முடிய இரண்டு நிமிடம் மிஞ்சினால் அதற்குள் எந்தப் பாட்டின் எந்தத் துண்டு அடங்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும். அதெல்லாம் ஒரு கலை. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் பாடகருக்கும் குரல் களைக்கும்.

நாங்கள் இங்கே பெடல் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உலகத்தில் மற்றப் பக்கத்தில் றிங்ரோன் பிறந்தது. 1994 இல் நோக்கியா 2110 என்ற போனில் ஒரு மெட்டு வந்தது. பிறகு உலகம் முழுக்க 'நோக்கியா ரியூன்' என்று அறியப்பட்டது அதுதான். அது நோக்கியாக்காரர் போட்ட மெட்டல்ல. பிரான்சிஸ்கோ தாரேகா என்ற ஸ்பானியக் கிற்றார்க் கலைஞர் 1902 இல் எழுதிய 'கிரான் வால்ஸ்' இசையிலிருந்து வெட்டிய சின்னத் துண்டு. ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான றிங்ரோனே ஒரு வெட்டுத் துண்டுதான்.

சொந்தமாக மெட்டு அடித்து ஏற்றும் வசதி முதலில் ஜப்பானில் 1996 இல் வந்தது. எந்தப் பாட்டுக்கு எந்த பட்டனை அமத்த வேண்டும் என்று 1998 இல் அங்கே ஒரு புத்தகம் வந்து 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாம். அதே 1998 இல் பின்லாந்தில் ராடியோலின்யா என்ற கொம்பனி, குறுஞ்செய்தி வழியாக றிங்ரோனை அனுப்பத் தொடங்கியது. வேஸா-மத்தி பானனென் என்பவர் உருவாக்கிய அந்தச் சேவைக்கு என்ன பெயர் தெரியுமோ? 'ஹார்மோனியம்'! கமகம் வராத கருவி என்று 1940 இல் அகில இந்திய வானொலி தள்ளி வைத்து, 1971 வரை உள்ளே விடாமல் வைத்திருந்த அதே ஹார்மோனியத்தின் பெயர். பின்லாந்துக்காரருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. ஆனால் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் காலத்துப் போனிலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், அதுவும் வெட்டு வெட்டாக. வழுக்கல், குழைவு ஒன்றும் கிடையாது.

எங்களுக்கு இது வந்து சேர்ந்தது 2002 க்குப் பிறகு. பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ-9 பாதை திறப்பு, பின்னால் கைத்தொலைபேசி. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன நோக்கியா 3310 தான் என்னுடைய முதல் போன். அதில் 'கொம்போசர்' என்று ஒன்று இருந்தது. 1 இலிருந்து 7 வரை ஏழு பட்டன், ஏழு சுரம். வெள்ளைக்காரன் ச ரி க ம ப த நி யை எங்களுக்காகவே பட்டனில் அடுக்கி வைத்ததுபோல இருந்தது. 8 ஐ அமத்தினால் சுரம் குறுகும், 9 ஐ அமத்தினால் நீளும், 0 இடைவெளி, நட்சத்திரம் ஸ்தாயி மாற்ற. ஏழையும் அப்படியே அடித்தால் சங்கராபரணம். 4 ஐ அமத்திப் பிறகு சதுரக் குறியை அமத்தினால் பிரதி மத்தியமம், கல்யாணி வந்துவிடும். மோகனம்தான் இருப்பதிலேயே சுகம்: 1, 2, 3, 5, 6. அவ்வளவுதான்! எங்கள் கம்பஸ் பெடியளுக்குள் மோகனத்தில் அமைந்த சினிமாப் பாட்டுகள் திடீரென்று மவுசு பெற்றதற்கு ரசனை காரணமில்லை, பட்டன் காரணம்.

வயலின் படித்த தங்கச்சிமார் இருந்த வீடுகளுக்கு அப்போது பெடியள் அடிக்கடி போய் வந்தார்கள். பாட்டுக்குச் சுரம் எழுதி வாங்கத்தான் போகிறோம் என்றுதான் சொன்னார்கள் :-) எழுதிய தாள் கைமாறிக் கைமாறி விடுதி முழுக்கப் போகும். 50 சுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் பல்லவியோடு பாட்டை நிறுத்த வேண்டும். யாரும் இதை விற்கவில்லை. கொம்பனிகள் விற்ற பட்டியலில் எங்கள் பாட்டுகள் அருமை. இருந்தவையும் வாயில் நுழையாத எழுத்துக் கூட்டலில் இருந்தன. அதனால் நாங்களே அடித்தோம்.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. அங்கே சந்தை பெரிது, கொம்பனிகளே ஓடி வந்தன. 2002 இல் ஏ.ஆர். ரகுமான் ஏர்ரெல்லுக்கு விளம்பர இசை போட்டார், அது கோடிக்கணக்கான போன்களில் ஒலித்தது. ஈழத்துப் பெடியனுக்கு அப்படி யாரும் ஓடி வரவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ-9 திரும்பவும் பூட்டப்பட்டது. என் கம்பஸ் படிப்பும் அரைவாசியில் நின்றது. அடுத்த வருடம் நான் மலேசியாவில். 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு அது. ஐ.நா. அட்டை இருந்தாலும் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை. கோலாலம்பூரில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன்.

அதற்குள் போன் மாறிவிட்டது. பட்டனில் சுரம் அடிக்கிற காலம் போய், முதலில் பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கிற 'பொலிபொனிக்' வந்து, பிறகு எம்பி3 பாட்டையே அப்படியே மணியாக வைக்கும் காலம் வந்திருந்தது. 2005 இல் பிரித்தானியாவில் ஒரு தவளை றிங்ரோன் பாட்டாகி முதலிடம் பிடித்த கூத்தெல்லாம் நடந்து முடிந்திருந்தது. சைபர் கபேயில் ஒரு மணித்தியாலம் காசு கட்டி, 'ஓடாசிற்றி' என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, வேண்டிய இடத்தை வெட்டி, மெமரி காட்டில் ஏற்றுவேன். உடன் வேலை செய்த பெடியளுக்கும் வெட்டிக் கொடுத்தேன், புளூரூத்தில் போகும்.

வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிடித்த பாட்டெல்லாம் நல்ல மணி ஆகாது. போனின் சின்னஞ்சிறு ஸ்பீக்கருக்கு அடித்தொனி வராது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிற்றாரும் காணாமல் போய்விடும். புல்லாங்குழல், வயலின், பெண்குரல் இவைதான் குசினிச் சத்தத்தைத் துளைத்துக்கொண்டு வரும். மெதுவாகத் தொடங்குகிற பாட்டை வைத்தால் அது காதில் விழுவதற்குள் அழைப்பு நின்றுவிடும். அதனால் தொடக்கத்தில் மௌனம் இருக்கவே கூடாது. 20, 25 செக்கன் போதும். முடிவும் தொடக்கமும் இடறாமல் சேர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப ஒலிக்கும்போது காலில் கல் தட்டினதுபோல இருக்கும்.

இசையமைப்பாளருக்கு இதனால் ஒரு சதம் போகவில்லை என்பது உண்மை. ஆனால் 2007 இல் ஐபோன் வந்தபோது, 99 சதம் கொடுத்து வாங்கிய பாட்டை றிங்ரோன் ஆக்க இன்னொரு 99 சதம் கேட்டார்கள். அமெரிக்காவில் ஒரு இசை உரிமைச் சங்கம், போன் பொது இடத்தில் ஒலித்தால் அது பொதுக் கச்சேரிக்குச் சமம் என்று வழக்காடி, 2009 இல் நீதிமன்றம் அதை ஏற்காமல் விட்டது. நல்லகாலம். இல்லாவிட்டால் பஸ்ஸில் போகிற எங்களையெல்லாம் வித்துவான்கள் ஆக்கியிருப்பார்கள்.

இனி 2009. என் அக்கா குடும்பம் வன்னிக்குள் இருந்தது. அதுவரை ஆளுக்கொரு றிங்ரோன் என்றுதான் எல்லோரும் வைத்திருந்தோம். அம்மாவின் இலக்கத்துக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. ஆனால் வன்னியிலிருந்து அல்லது முகாமிலிருந்து எடுத்தால் அது யாருடைய போனில் இருந்து வரும்? எந்த இலக்கம்? ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இலக்கத்துக்கென்று தனியாகச் சத்தம் வைக்கும் வசதி என் போனில் இல்லை. ஆகவே கணக்கைத் தலைகீழாக்கினேன். எனக்குத் தெரிந்த இலக்கங்கள் எல்லாவற்றுக்கும், அம்மா உட்பட, போனோடு வந்த சாதாரண மணியை ஒவ்வொன்றாக வைத்தேன். பொதுவான மணியாக, அக்காவுக்குப் பிடித்த இளையராஜா பாட்டொன்றின் இடையிசையில் வரும் குழலை வைத்தேன். குழல் கேட்டால் தெரியாத இலக்கம். தெரியாத இலக்கம் என்றால் அக்காவாக இருக்கலாம்.

ஐந்து மாதத்துக்கு மேல் அந்தக் குழல் எத்தனையோ தடவை ஒலித்தது. கடன் தருகிறோம் என்றவர்கள், பிழையான இலக்கம் அடித்தவர்கள், மலாயில் ஏதோ கேட்டவர்கள். சவர்க்காரக் கையோடு ஓடி ஓடி எடுத்தேன். யூன் மாதம் ஒரு இரவு செட்டிகுளம் முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனில். "தம்பி, நானும் பிள்ளையளும் இருக்கிறம்" என்றா. அத்தானைப் பற்றி நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் கூட இல்லை.

அந்தப் பாட்டை இன்றைக்கும் முழுதாகக் கேட்பேன். குழல் வரும் இடத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

2011 இல் நியூசிலாந்து எடுத்தது. மற்ற ஒதுக்கீட்டு அகதிகளைப் போல முதல் ஆறு கிழமை மங்கரே மீள்குடியேற்ற நிலையத்தில். பிறகும் மங்கரேயை விட்டுப் போகவில்லை, வேலையும் இங்கேதான். சமோவா, தொங்கா பெடியள் சைக்கிளில் பெரிய ஹோன் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு பாட்டுப் போடுவதை தெற்கு ஒக்லாந்தில் இருப்பவர்கள் கண்டிருப்பீர்கள். அந்த ஸ்பீக்கருக்கும் அடித்தொனி வராது. அதனால் கூர்மையான மேல்தொனியில் அதற்கென்றே மெட்டுப் போடுகிறார்கள். பக்கத்து மனுரேவாவில் இருந்து ஜோஷ் 685 என்ற பெடியன் அப்படிப் போட்ட மெட்டொன்று ரிக்ரொக்கில் பரவி, ஜேசன் டெரூலோ பாடிச் சேர்த்து, 2020 இல் அமெரிக்காவிலும் முதலிடம் வந்தது. எங்கள் ஆட்கள் சிலர் அந்தச் சைக்கிள்களைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். சைக்கிளில் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள், முகம் சுளிக்கலாமோ?

2025 இல் வந்த ஐபோன் மென்பொருளில் ஒரு ஒலிக்கோப்பை நேரடியாகவே றிங்ரோன் ஆக்கலாம். முன்பெல்லாம் கோப்பின் பின்பெயரை மாற்றி, கணினியில் செருகி, எவ்வளவு பாடு! வசதி வந்த நேரத்தில் ஆட்கள் மணியையே விட்டுவிட்டார்கள். என்னோடு வேலை செய்யும் இளம் பெடியளின் போன்கள் நடுங்குமே தவிரச் சத்தம் போடாது.

அக்கா இப்போது வட்ஸ்அப்பில் எடுக்கிறா, படத்தோடு, கிழமைக்கு இரண்டு தரம். அந்தக் குழல் கோப்பு பழைய மெமரி காட்டில் இன்னும் இருக்கிறது. 22 செக்கன். பெயர் 'வீடு 3'. 'வீடு 1', 'வீடு 2' இரண்டிலும் தொடக்கத்தில் அரைச் செக்கன் மௌனம் இருந்தது.