பேட்டரி வண்டி: மின்கலப் பராமரிப்பும் சார்ஜும்

பேட்டரி வண்டி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் மின் இருசக்கர வாகனத்தில் அதிக விலையுள்ள உறுப்பு அதன் பேட்டரி. திருவண்ணாமலையில் அதற்கு ஓட்டத்தைவிட வெயில்தான் பெரிய பகை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நல்ல நிலையிலுள்ள வண்டி ஒரே சார்ஜில் அதைச் சுற்றிவிடும். ஆனால் கத்திரி நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர் இது. வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரி அதைவிடச் சூடாக இருக்கும். பெரும்பாலான லித்தியம் செல்களைச் சார்ஜ் செய்ய 45 டிகிரிதான் மேல்வரம்பு. ஆகவே வீடு வந்ததும் பிளக்கைச் செருகாமல், வண்டியை நிழலில் ஆறவிட்டு இரவிலோ விடியலிலோ சார்ஜ் போடுவது நல்லது.

லித்தியம் பேட்டரியை அன்றாடம் 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். வாரக்கணக்கில் ஊருக்குப் போவதென்றால் பாதி சார்ஜில் நிறுத்தலாம். லெட் ஆசிட் பேட்டரிக்கு இது தலைகீழ். அதைக் குறைசார்ஜில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, பதிவும் உரிமமும் தேவைப்படாத மலிவு வண்டிகள் பலவற்றில் இருப்பது இந்த வகைதான்.

கைக்குக் கிடைத்த சார்ஜரைப் போடுவதுதான் ஆபத்தான பழக்கம். ‘48 வோல்ட்’ என்ற ஒரே பெயரில் விற்கும் இரண்டு லித்தியம் பேட்டரிகளை எடுத்துக்கொள்வோம். என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) வகையில் தொடராக 13 செல்கள். முழுச் சார்ஜ் 54.6 வோல்ட். எல்.எஃப்.பி. (லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்) வகையில் 16 செல்கள், 58.4 வோல்ட். பின்னதன் சார்ஜரை முன்னதில் செருகினால், 4.2 வோல்ட்டோடு நிற்க வேண்டிய ஒவ்வொரு செல்லும் 4.5 வோல்ட்டை நெருங்கும். பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். சுற்று இதைத் தடுக்க வேண்டும்தான். அதை மட்டுமே நம்பக் கூடாது.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். அந்த ஆண்டு நடந்த பல தீ விபத்துகளுக்குப் பின், பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்.156 தரவிதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வாசலை அடைத்தபடியோ படுக்கையறையிலோ சார்ஜ் போடக் கூடாது. எர்த் உள்ள பிளக் பாயின்ட் வேண்டும்.

உப்பிய, அடிபட்ட, நீரில் மூழ்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டும். ஆயுள் முடிந்ததைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் பொறுப்பு.