சுங்கம் வாங்கிய கோட்டைகள்: றைன் நதிக்கு ஒரு பயணத் திட்டம்



கோடை தொடங்கினால் எங்கள் வானொலிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, இம்முறை ஒன்றுகூடல் எங்கே என்ற கேள்விதான். பூங்காவில் இறைச்சி வாட்டியது போதும், இந்த ஆண்டு றைன் நதிக்குப் போவோம் என்று போன கூட்டத்தில் முடிவாயிற்று. கணக்காளர் என்பதால் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ரயிலுக்கு எவ்வளவு, கப்பலுக்கு எவ்வளவு என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவன், அந்த நதியின் பழைய கணக்குகளுக்குள் போய் விழுந்துவிட்டேன். சென்ற மாத உரையில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பார்க்கப்போவது பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரையான ஏறத்தாழ 65 கிலோமீற்றர் பள்ளத்தாக்கு. 2002இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இரு கரையிலும் செங்குத்தான மலை, மலையில் திராட்சைத் தோட்டம், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கோட்டை. எங்கள் பிள்ளைகள் இவற்றை இளவரசிகள் வாழ்ந்த மாளிகைகள் என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையில் இவற்றில் பலவற்றுக்குத் தொழில் சுங்கம் வாங்குவது.

அந்தக் காலத்தில் தெருக்கள் மோசம். வைன், துணி, மரம், உப்பு எல்லாம் ஆற்றோடுதான் போயின. பள்ளத்தாக்கு ஒடுக்கமானது, விலகிப் போக வேறு வழியில்லை. நீரோட்டத்தை எதிர்த்து வரும் படகுகளைக் கரையில் நின்று குதிரைகளோ ஆட்களோ கயிற்றால் இழுக்க வேண்டும். ஆகவே, மலையில் ஒரு கோட்டையும் கரையில் ஒரு சாவடியும் இருந்தால் போதும், காசு தானாக வரும். சுங்கம் வாங்கும் உரிமையை அரசர்தான் வழங்க வேண்டும் என்பது சட்டம். அரசர் பலவீனமான காலங்களில் யார் சட்டம் பார்த்தார்கள்?

சங்க்ட் கோவார் ஊருக்கு மேலே நிற்கும் றைன்ஃபெல்ஸ் கோட்டை நல்ல உதாரணம். 1245இல் கட்செனெல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீற்றர் அதைக் கட்டிச் சுங்கத்தை உயர்த்தினார். பொறுக்க முடியாத றைன் நகரங்கள் 1254இல் தங்களுக்குள் ஒரு கூட்டணி அமைத்து, அடுத்த ஆண்டு கோட்டையை முற்றுகையிட்டன. ஓராண்டுக்கு மேல் சுற்றி நின்றும் கோட்டை விழவில்லை. கடைசியில் அதை உடைத்தவர்கள் பிரெஞ்சுப் படையினர், அதுவும் 1790களின் பிற்பகுதியில். இன்று நாங்கள் படம் எடுக்கப்போவது அவர்கள் மிச்சம் விட்டதை.

கவுப் என்னும் ஊரில் ஆற்றின் நடுவே கப்பல் போன்ற வடிவத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை நிற்கிறது. பெயர் ஃபால்ஸ்கிறாபன்ஸ்ரைன். 1320களில் பவேரியரான அரசர் லூட்விக் சுங்கத்துக்காகவே கட்டியது. பாப்பரசர் 22ஆம் யோவானே இதை எதிர்த்தார், பயனில்லை. பிங்கனுக்குப் பக்கத்தில் ஆற்றில் நிற்பது எலிக் கோபுரம். பஞ்ச காலத்தில் ஏழைகளைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்த ஹற்றோ என்ற ஆயரை எலிகள் துரத்திவந்து அங்கே தின்றன என்பது ஊர்க்கதை. எலிக்கான ஜேர்மன் சொல் 'மவுஸ்'. ஆனால் கோபுரத்தின் பெயர் சுங்கத்தைக் குறிக்கும் 'மவுட்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. லொறி ஓட்டும் எங்கள் நேயர்களுக்கு அந்தச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை!

என் தொழிற்புத்தி இந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் கொடுத்த காசு அடுத்த ஊரில் பொருளின் விலையில் ஏறும், கடைசியில் குடிப்பவன்தான் கட்டுவான். எங்கள் வற் வரி மாதிரித்தான், ஆனால் இடையில் யாரும் மீளப்பெற முடியாத வற்.

இது ஒரே நாளில் ஒழியவில்லை. 1804இல் பழைய சுங்கங்களை நீக்கிவிட்டு ஒரே சீரான கட்டணம் வைத்தார்கள். 1815 வியன்னா மாநாடு நதியில் சுதந்திரமாகப் போக்குவரத்துச் செய்யலாம் என்ற கொள்கையை ஏற்று, அதைக் கவனிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. அந்த ஆணையம் இன்றும் இயங்குகிறது. கவுப்பில் சுங்கம் நின்றது 1867இல்தான். அடுத்த ஆண்டு மன்ஹைம் உடன்படிக்கை கப்பலோட்டத்தின் மீதான கட்டணங்களை அடியோடு நீக்கியது.

இதை வாசித்தபோது எனக்கு 1997 நினைவுக்கு வந்தது. அப்போது நான் கோப்லென்ஸுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் அகதிகள் விடுதியில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் வர்த்தகப் பட்டம் பெற்றவனுக்கு மாதம் 80 மார்க் கைச்செலவுப் பணம். தஞ்சக் கோரிக்கையாளர் தமக்குரிய மாவட்டத்தை விட்டு வெளியே போக எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1982 முதல் இருந்தது. 2015இல்தான் அது பெருமளவு தளர்ந்தது. விசாரணைக்கு அனுமதித் தாளோடு ரயிலில் போனபோது இந்தக் கோட்டைகளை முதன்முதலில் யன்னலால் பார்த்தேன். இடையில் இறங்க எனக்குத் துணிவு வரவில்லை.

என் அறையில் இருந்த அண்ணை ஒருவர் துணிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளில்லாமல் பிங்கன் வரை போனார், கப்பல் ஏறிப் பார்க்க ஆசை. நிலையத்திலேயே மறித்துவிட்டார்கள். தண்டப் பணத்தை மாதம் 10 மார்க்காகக் கட்டினார். அந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிவைத்தவன் நான்தான். ஜேர்மனியில் நான் பார்த்த முதல் கணக்கு வேலை அது.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். சுங்கம் குறைந்துகொண்டு போக, நீராவிக் கப்பல் வந்தது. 1827இல் கொலோன் நகரக் கம்பனி ஒன்று 'கொன்கோர்டியா' என்ற கப்பலை மைன்ஸுக்கும் கொலோனுக்கும் இடையே ஓடவிட்டது. இன்று கே.டி. என்று நாம் சொல்லும் கப்பல் நிறுவனத்தின் வேர் இதுதான். அடுத்த ஆண்டே கிளைன் என்பவர் எழுதிய றைன் பயண நூல் கோப்லென்ஸில் வெளிவந்தது. 'விரைவுப் பயணிகளுக்கான கைநூல்' என்று அதற்கு உபதலைப்பு! அந்தப் பதிப்பகம் முறிந்துபோக, 1832இல் அதை வாங்கியவர் கார்ல் பேடெக்கர். 1835இல் அவர் திருத்தி வெளியிட்ட பதிப்பிலிருந்துதான் உலகப் புகழ்பெற்ற பேடெக்கர் வழிகாட்டி நூல்கள் வளர்ந்தன. வழிகாட்டி என்று வந்து காசு பறிப்பவர்களின் கையில் பயணி சிக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

ரயில் பின்னால் வந்தது. இடது கரைப் பாதை 1859இல் பிங்கனைத் தொட்டது, வலது கரையில் 1862இல் றூடஸ்ஹைமிலிருந்து லான்ஸ்ரைன் வரை தண்டவாளம் வந்தது. சங்க்ட் கோவார் பக்கத்துச் சுரங்க வாயில்களைக் கோட்டை வாசல் போலவே கட்டினார்கள், பார்க்கத் தவறாதீர்கள். ஆனால் ரயில், பழைய ஊர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே கோடு கிழித்துவிட்டது. இரவு பகலாக ஓடும் சரக்கு வண்டிகளின் இரைச்சல் பற்றி அங்குள்ளவர்கள் இன்றும் முறையிடுகிறார்கள்.

திட்டம் இதுதான். காலையில் கோப்லென்ஸில் கூடி, இடது கரைப் பாதையில் பிராந்திய ரயிலில் பிங்கனுக்குப் போகிறோம். போகும்போது இடப்பக்க யன்னலில் இருங்கள், ஆறு அந்தப் பக்கம். பிங்கனிலிருந்து கப்பலில் சங்க்ட் கோவாருக்கு இறங்குகிறோம். நீரோட்டத்தோடு போவதால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். எதிர்த்து வந்தால் இன்னும் நேரமாகும், முதியவர்களுக்கு அது களைப்பு. இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வலக்கரையில் 132 மீற்றர் உயரமான லோறலைப் பாறை வரும். பாறையடிக்குப் போக விரும்புகிறவர்கள் படகுச் சேவையில் அக்கரைக்குக் கடக்கலாம். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே வாகனம் கடக்கப் பாலமே இல்லை. மாலையில் சங்க்ட் கோவாரிலிருந்து ரயிலில் திரும்பலாம்.

ஒரு எச்சரிக்கை. முதல்நாள் ஆற்று நீர்மட்டம் பார்க்காமல் புறப்பட முடியாது. 2018 ஒக்ரோபரில் கவுப் அளவுகோல் 25 சென்ரிமீற்றர் வரை இறங்கியது. அது ஆற்றின் ஆழமல்ல, அளவுகோல் காட்டும் எண், என்றாலும் கப்பல்காரருக்குப் போதுமான செய்தி. தண்ணீர் மிஞ்சினாலும் கப்பல் ஓடாது. ரயில் பாதையில் திருத்த வேலை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் நான் பார்த்து வானொலியில் சொல்வேன்.

பெயர் கொடுத்தவர்கள் இதுவரை 34 பேர். முப்பத்தைந்தாவதாக அந்த அண்ணையைக் கேட்டேன். இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது, இங்கேயே ஓய்வூதியம் எடுக்கிறார். இத்தனை ஆண்டும் றைன் பக்கம் போகாதவர். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிங்கனிலையோ கப்பல் ஏறுறியள்?" என்று கேட்டார். ஓமென்றேன்.

"அப்ப என்ரை ரிக்கற்றை நீ எடுக்காதை தம்பி. அந்த ஸ்ரேசனிலை இறங்கி நானே எடுக்கிறன்."